முதல்முறையாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாமா? – கேள்வி பதில்

பழுதாகிப்போன ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததில் எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனை பிசி மாட்டினேன் என்று கணக்கு வைக்கவில்லை. நான் முதலில் மாட்டியது அன்றைக்கு ஆன் ஆகவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிராண்டட் வாங்குவதா, நாமே அசெம்பிள் செய்வதா என்று யோசிப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஸ்க்ரூ டிரைவர் பிடித்தே பழக்கமில்லாத ஆள் நான். என்னால் முடியுமா?

மாட்ட முடியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வேலையில் மூன்று கட்டம் உண்டு. எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும், வாங்கியதை மாட்ட வேண்டும், மாட்டியது ஓடாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் நடுவில் இருக்கிற மாட்டும் வேலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மூன்றிலும் சுலபம் அதுதான்.

1975-ல் வந்த ஆல்டேர் 8800 கிட்டை வாங்கியவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் போர்டில் வைத்துச் சால்டர் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தலைவலி இல்லை. இன்டெல் 1995-ல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகையான மதர்போர்டில் ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கே வர வேண்டும், வெளிப்பெட்டியான கேபினட்டின் பின்பக்கத் திறப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தீர்மானமாகிவிட்டது. ஒரு கம்பெனி கேபினட்டில் இன்னொரு கம்பெனி போர்டு அலட்டிக்கொள்ளாமல் உட்காருவது அதனால்தான். பெரிய கேபிள்களும் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். எதையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருந்தால், திருப்பிப் பிடித்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. ராத்திரி பத்து மணி, எல்லாம் மாட்டியாயிற்று, பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, "இதுவா, அதுவா" என்று பார்க்கத் தோன்றுமா? இல்லை, யாரிடமாவது தள்ளிவிட்டுப் படுத்துவிடலாம் என்று இருக்குமா? முதல் ரகம் என்றால் தாராளமாக இறங்குங்கள். இரண்டாவது ரகமாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை, பிராண்டட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

காசு மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண அலுவலக வேலைக்கான பிசி என்றால் பெரிய கம்பெனிகளோடு நம்மால் போட்டி போட முடியாது. அவர்கள் பாகங்களை லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், விண்டோஸ் லைசென்ஸும் அவர்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது. கேமிங், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை என்று மேலே போகப் போகத்தான் அசெம்பிள் செய்வதில் லாபம் தெரியும்.

அதுவும் எப்போதும் இல்லை. 2021-ல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு வந்தபோது, கார்டைத் தனியாக வாங்குவதைவிட அது உள்ளே இருக்கிற முழு பிசியையே வாங்குவது பலருக்கு லாபமாக இருந்தது. 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறியது. அதனால் "அசெம்பிள்தான் மலிவு" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பாமல், வாங்கப்போகிற வாரத்தில் இரண்டு பக்கமும் விலை போட்டுப் பாருங்கள். போடும்போது விண்டோஸ், வைஃபை, கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். முதல்முறைக்காரர்களின் பட்டியலில் விட்டுப்போவது இவைதான்.

என்னைக் கேட்டால் உண்மையான லாபம் தொகையில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் இருக்கிறது. பிராண்டட் பிசியின் விளம்பரத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே ஒற்றை ரேம், பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), அந்தக் கம்பெனிக்கென்றே வெட்டிய மதர்போர்டு என்று இருக்கலாம். நாலு வருடம் கழித்து ஒன்றை மாற்றலாம் என்று திறந்தால், வெளியில் விற்கிற போர்டு அந்தக் கேபினட்டில் பொருந்தாது.

பிரவுசர், டைப்பிங், வீடியோ கால். என் வேலை இவ்வளவுதான். நான் அசெம்பிள் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பழைய பிசி ஒன்று கையில் இருந்தால், அதன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150, 200 எம்பி படித்தாலே பெரிது. சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. பாதிப் பேருக்குப் புது பிசி வாங்கும் எண்ணமே அதோடு போய்விடும்.

எதை முதலில் தேர்ந்தெடுப்பது? வாங்கிவந்த பிறகு ஒன்றுக்கொன்று சேராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். பாகத்திலிருந்து தொடங்காதீர்கள், வேலையிலிருந்து தொடங்குங்கள். என்ன கேம், என்ன சாப்ட்வேர், மானிட்டர் என்ன ரெசல்யூஷன் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேமிங் என்றால் அதிலிருந்து கிராபிக்ஸ் கார்டு முடிவாகும், அதற்கு ஈடுகொடுக்கும் பிராசசர் அடுத்து, பிராசசருக்கு ஏற்ற மதர்போர்டு அதற்கு அடுத்து. மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

பிராசசருக்கும் போர்டுக்கும் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம், ஒன்றாக இருக்க வேண்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700, 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டியில் 2022 முதல் ஏஎம்5, அதற்கு முன் ஏஎம்4. சாக்கெட் ஒன்றாக இருந்தும் ஆன் ஆகாமல் போவதுண்டு. பிராசசர் புதிது, போர்டு கடையில் ரொம்ப நாள் தூங்கிய சரக்கு என்றால், அந்தப் பிராசசரை அடையாளம் காண பயோஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) அப்டேட் தேவைப்படும். பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வைத்து பயோஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கும். முதல்முறை என்றால் அந்த வசதி உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள்.

ரேமில் டிடிஆர்4 வேறு, டிடிஆர்5 வேறு. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு, பெயரை முழுசாகப் படித்து வாங்குங்கள்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் மானிட்டரில் ஒன்றும் வராது. "கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்று 'எஃப்' பிராசசர் வாங்கிவிட்டு ஒரு மாதம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக டேப் எடுத்து அளக்கும் சமாச்சாரம். பிராசசரைக் குளிர்விக்கும் பெரிய டவர் கூலர்கள் 155 முதல் 165 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், கேபினட்டின் பக்கக் கதவு மூடுமா என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் கேபினட் குறிப்போடு ஒப்பிடுங்கள். போர்டில் ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சின்னதாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு முதல் பிசியையே மினி ஐடிஎக்ஸில் மாட்டாதீர்கள். கை நுழையாது, அப்புறம் பொறுமையும் இருக்காது.

எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு இலவசமாக வருகிறதாம். அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். மற்ற பாகம் கெட்டால் அது மட்டும் போகும். மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகும்.

80 பிளஸ் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். அது 2004-ல் வந்த திட்டம், மின்சாரத்தை வீணாக்காமல் எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறது என்பதை மட்டுமே சொல்லும். கோல்டு என்றால் 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் 90 சதவீதம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரமோ, பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்யுமா என்பதோ அதில் தெரியாது. வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள். 7, 10 வருடம் தரத் துணிகிற கம்பெனிக்குத் தன் சரக்கின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை வாட் என்பதற்கு கிராபிக்ஸ் கார்டு கம்பெனியின் பரிந்துரையே போதும். ஆர்டிஎக்ஸ் 4070 தான் மட்டும் 200 வாட் இழுக்கும், அதற்கு என்விடியா 650 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்கிறது. 1000 வாட் வாங்கித் திணிக்க வேண்டியதில்லை.

என் கைக்காசு போன கதை ஒன்று. மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் சொருகும் வகை, மாற்றினேன். பழைய கேபிள்கள் ஏற்கெனவே அழகாக ஓடிக்கொண்டிருந்ததால் சோம்பேறித்தனத்தில் அவற்றையே புதியதில் சொருகினேன். முனை அச்சாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் லேசாக ஒரு கருகல் வாடை, ஹார்ட் டிஸ்க் போயே போய்விட்டது. டிஸ்க் பக்கம் இருக்கிற முனைதான் எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டையில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் சொருகாதீர்கள்.

ஸ்டாட்டிக் மின்சாரம் பட்டால் பாகங்கள் செத்துவிடுமாமே? ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்க வேண்டுமா?

ஆபத்து கற்பனை இல்லை. சுமார் 3000 வோல்ட் இருந்தால்தான் நமக்கு 'சுரீர்' என்று தெரியும், சிப்புக்கு அதைவிட மிகக் குறைவே போதும். ஆனால் கையில் கட்டி அந்த மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும் ஸ்ட்ராப் இல்லாமலும் சமாளிக்கலாம். கார்ப்பெட்டில் உட்கார்ந்து மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸை கேபினட்டில் மாட்டி, எர்த் உள்ள பிளக்கில் சொருகி, அதன் பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பிராசசரை வைக்கும்போதுதான் கை நடுங்குகிறது. உடைந்துவிட்டால்?

நடுங்கட்டும், மெதுவாகச் செய்யுங்கள். எல்ஜிஏ 1700-லும் ஏஎம்5-லும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஏஎம்5-ல் 1718. தலைமுடி மாதிரி மெல்லியவை. அவற்றின் மேல் விரலோ துணியோ எதுவுமே படக் கூடாது. பிராசசரின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு குறி இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்து, ஓரங்களை இரண்டு விரலால் பிடித்து நேராக இறக்கிக் கையை எடுத்துவிடுங்கள். தானாக உட்காரும், அழுத்தத் தேவையே இல்லை.

பலரைப் பதற வைப்பது அடுத்த நிமிடம்தான். சாக்கெட்டைப் பூட்டும் லீவரை இறக்கும்போது கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும், 'கறக்' என்று ஒரு சத்தமும் வரும். ஏதோ நொறுங்குகிற மாதிரி இருக்கும். அது நொறுங்கும் சத்தம் இல்லை, அப்படித்தான் வரும். மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே துள்ளி வெளியே வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி இல்லாமல் வாங்க மறுக்கிற கம்பெனிகள் உண்டு.

ஏஎம்4-ல் கதை நேர்மாறு, 1331 பின்களும் பிராசசரின் அடியில் இருக்கும். அங்கே சிக்கல் வருவது கழற்றும்போது. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோய், கூலரைப் பிடித்துக்கொண்டு பிராசசரையும் சாக்கெட்டோடு பிடுங்கிவிடும். கழற்றும் முன் பிசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

தெர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், பழம் தின்று கொட்டை போட்டவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள்.

தம்பி, எனக்கு 63 வயது. பேரனோடு சேர்ந்து ஒரு பிசி மாட்டலாம் என்று ஆசை. கண் அவ்வளவு தெளிவில்லை. இந்த வயதில் இது தேவையா?

நல்ல காரியம் ஐயா, தயங்காமல் செய்யுங்கள். உங்களுக்குத் தொந்தரவு தரப்போவது ஒரே ஒரு இடம். கேபினட்டிலிருந்து பவர் பட்டன், ரீசெட் பட்டன், இரண்டு விளக்கு என்று மெல்லிய வயர்கள் வரும். அவற்றின் முனை அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, போர்டின் கீழ் ஓரத்தில் அருகருகே நிற்கும் ஊசிகளில் சொருக வேண்டும். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்து எனக்கே தெரியாது. போனில் டார்ச் போட்டு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், மேனுவலில் அந்தப் படம் இருக்கும் பக்கத்தை முதலிலேயே மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் வயர்களை எந்தப் பக்கம் சொருகினாலும் வேலை செய்யும். விளக்கு வயரைத் திருப்பிச் சொருகினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான், திருப்பிவிடலாம்.

முடிந்தால் செத்துப்போன பழைய பிசி ஒன்றைப் பேரனிடம் கொடுத்து முழுசாகக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கெடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கை சீக்கிரம் பழகும். காந்த முனையுள்ள இரண்டாம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேறு ஆயுதம் வேண்டாம். ஸ்க்ரூக்களில் இரண்டு வகை வரும். மரை நெருக்கமாக இருப்பது சாட்டா எஸ்எஸ்டிக்கு, அகலமாக இருப்பது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, போர்டுக்கு எது என்பது கேபினட்டைப் பொறுத்தது. சேராத ஸ்க்ரூ இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடிக்கும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் ஆகும்?

முதல்முறைக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் காலை அந்த பிசி கட்டாயம் தேவை என்ற நிலையில் தொடங்காதீர்கள்.

வாரண்டியை நினைத்தால்தான் தயக்கம். கெட்டால் யாரிடம் போவது?

பிராண்டட் என்றால் ஒரே போன், முழுப் பெட்டியும் அவர்கள் பொறுப்பு. நாமே மாட்டியது என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, தனி வாசல். கால அளவில் நமக்கு லாபம்தான். பிராசசர், போர்டு, கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 வருடம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இன்னும் அதிகம், பல ரேம்களுக்கு ஆயுள் வாரண்டி. முதல் பதிலில் சொன்ன இடத்துக்கே மறுபடி வருகிறோம். கெட்டது எந்தப் பாகம் என்று நீங்கள்தான் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். அதற்கு மாற்றுப் பாகம் போட்டுப் பார்க்க வேண்டும், வீட்டில் அது இருக்காது. தெரிந்தவரிடம் இரவல் ரேம் கேட்கக் கூச்சப்படாதவர்கள் இதில் பிழைத்துக்கொள்வார்கள்.

பாகங்களை வாங்கினால் கடைக்காரரே மாட்டித் தருகிறேன் என்கிறார். அது கௌரவக் குறைச்சலா?

இதில் என்ன கௌரவம்? பலருக்கு நான் சொல்வதே இந்த வழியைத்தான். தேர்வு உங்களுடையது, மாட்டுவதும் ஆன் ஆக வைப்பதும் அவர் பாடு. பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண் இருக்க வேண்டும், "16 ஜிபி ரேம்", "600 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். காலிப் பெட்டிகள், மீந்த கேபிள்கள், ஸ்க்ரூ பாக்கெட் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க விட்டால் இன்னும் நல்லது, அடுத்த பிசியை நீங்களே மாட்டுவீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பாகங்கள் வாங்கலாமா?

முதல் பிசியில் எல்லாமே பழையதாக இருந்தால், ஓடாதபோது எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாமல் போகும். ஒன்றிரண்டு வாங்கலாம். பிராசசர் பொதுவாகக் கெடாத பொருள். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் வேகமான மாடல்கள் சில, அதிக வோல்டேஜ் எடுத்து நாளடைவில் நிலைகுலைவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தமும் கூடுதல் வாரண்டியும் தந்தது. திருத்தம் ஏற்றாமலே ஓடிய பிராசசர் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் பழையதாக வேண்டவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு என்றால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டு என்றால் மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தாலும் வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி மினுங்கும்.

வாட்டர் கூலிங், கலர் விளக்கெல்லாம்?

முதல் பிசிக்கு வாட்டர் கூலிங் வேண்டாம். பம்ப் என்று கெடக்கூடிய ஒரு பொருள் கூடுதலாகச் சேரும். விளக்கு உங்கள் இஷ்டம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் எப்படிப் போடுவது? பழைய பிசியில் இருக்கும் 10-ஐயே மாற்றிக்கொள்ளலாமா?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, புது பிசியில் 11 போடுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இப்போதைய பிராசசர்களிலேயே அது உண்டு, தனியாக வாங்க வேண்டாம். பிராண்டட் பிசியோடு வந்த லைசென்ஸ் அந்த போர்டோடு பிணைந்தது, புது பிசிக்கு வராது.

வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் இன்ஸ்டாலரைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதே பென் டிரைவிலோ வேறொன்றிலோ உங்கள் போர்டின் வைஃபை டிரைவரையும் போட்டு வையுங்கள். இன்ஸ்டால் நடுவில் விண்டோஸ் இணையம் கேட்கும், வைஃபைக்கோ அது இன்னும் டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் பகிர்ந்தும் தப்பிக்கலாம். லினக்ஸ் பழகத் தயார் என்றால் லைசென்ஸ் செலவே இல்லை.

அண்ணா, அவசரம். எல்லாம் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஏஎம்5 போர்டு, தனிக் கிராபிக்ஸ் கார்டு. என்ன செய்ய?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள் தம்பி, உட்காருங்கள். டிடிஆர்5 ரேம் முதல்முறை ஆன் ஆகும்போது போர்டு அதைச் சோதித்துத் தனக்குப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பாதியில் ஆஃப் செய்தால் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? மானிட்டர் கேபிள் எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். போர்டின் பின்பக்கத்தில் இருந்தால் பிடுங்கிக் கீழே கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். போர்டின் ஓரத்தில் நாலு சின்ன விளக்கு இருக்கிறதா? சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ தேடல் அங்கே தொடங்கட்டும்.

சிபியு என்றால் போர்டின் மேல் மூலையைப் பாருங்கள். 24 பின் பெரிய கேபிளை யாரும் மறப்பதில்லை. பிராசசருக்கென்று தனியாக 8 பின் கேபிள் ஒன்று உண்டு, கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இடம் என்பதால் விட்டுப்போகும். அது இல்லாமலும் ஃபேன் ஜோராகச் சுற்றும், அதுதான் ஏமாற்றும்.

டிராம் என்றால் இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் போடுங்கள், 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ரேமுக்கு நாம் நினைப்பதைவிட அதிக அழுத்தம் வேண்டும். இரண்டும் போடும்போது இரண்டாவதும் நாலாவதும்தான். விஜிஏ என்றால் கார்டைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். கார்டுக்கான கேபிள் இடைவெளி தெரியாமல் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? புது 16 பின் கேபிள் என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகிய செய்திகளில் முழுசாகச் சொருகாததும் ஒரு காரணமாகத் தெரியவந்தது.

இதிலும் கிடைக்காவிட்டால் போர்டையே வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஆன் செய்யுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை இப்போது போர்டில் சொருகலாம். வெளியில் ஓடி உள்ளே ஓடாவிட்டால், போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்) நின்று ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி ஓடிவிட்டால் காரணம் என்றைக்கும் தெரியாது.

அண்ணா, நான்தான். வந்துவிட்டது! 8 பின் கேபிள்தான், அரைகுறையாகச் சொருகியிருந்தேன். விண்டோஸும் போட்டாயிற்று. ஆனால் 6000 என்று போட்ட ரேம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜரில் 4800 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. 4800 என்பது அது பாதுகாப்பாகத் தொடங்கும் வேகம். ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயோஸுக்குள் போங்கள், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும், இன்டெல் போர்டாக இருந்தால் எக்ஸ்எம்பி. அதை ஆன் செய்து சேவ் செய்துவிட்டு வெளியே வாருங்கள். திரை மறுபடி கொஞ்ச நேரம் கறுப்பாக இருக்கும். இந்தத் தடவை கேபினட்டைத் திறக்காதீர்கள்.